374 உலக சாதனை அல்ல, 624தான்

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கத்து விளையாட்டுக் கழக வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: "டெஸ்ட் கிரிக்கெட்டில் தனி ஒருவர் எடுத்த ஆகக்கூடிய ஓட்டங்கள் மஹேல ஜயவர்தனவின் 374. இன்றுவரை எவரும் முறியடிக்கவில்லை." பொது அறிவுப் போட்டிக்கு உதவும் என்று வேறு கீழே எழுதியிருக்கிறார்கள். விடை பிழை.

அந்தச் சாதனை மேற்கிந்தியத் தீவுகளின் பிறையன் லாராவுடையது. 2004 ஏப்ரலில் அன்ரிகுவாவில் இங்கிலாந்துக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 400. மஹேல 374 அடிப்பதற்கு இரண்டு வருடம் முன்பே. அவுஸ்திரேலியரான மத்தியூ ஹெய்டனின் 380, லாராவே 1994இல் எடுத்த 375 இரண்டும்கூட மேலேதான்.

குழப்பம் எங்கே வந்திருக்கும் என்று ஊகிக்கலாம். 2006 ஜூலை, கொழும்பு எஸ்.எஸ்.சி. மைதானம். தென்னாபிரிக்காவுக்கு எதிராக இலங்கை 14 ஓட்டங்களுக்கு 2 விக்கெட் இழந்து நின்றது. பிறகு மஹேலவும் குமார் சங்கக்காரவும் (287) சேர்ந்து 624 ஓட்டங்கள் குவித்தார்கள். உலக சாதனை அந்த இணைப்பாட்டம், இன்னும் அசையவில்லை. 1997இல் இந்தியாவுக்கு எதிராக ஜயசூரியவும் மஹாநாமவும் வைத்திருந்த 576 அன்றுதான் உடைந்தது.

சரி, 374க்கு மதிப்பில்லையா? இலங்கையர் ஒருவரின் ஆகக்கூடிய டெஸ்ட் ஓட்டம் அதுதான். லாராவும் ஹெய்டனும் இடதுகைக்காரர்கள்; வலதுகைத் துடுப்பாட்டக்காரர்களில் மஹேலவுக்கே முதலிடம். சொல்லிப் பெருமைப்பட இவ்வளவு இருக்கும்போது பொய் எதற்கு?

சந்தேகமிருந்தால் கிரிக்இன்போ இணையத்தளத்தின் டெஸ்ட் சாதனைப் பட்டியலைத் திறந்து பாருங்கள். தம்பிமாரே, அந்தச் செய்தி உங்களுக்கும் வந்தால் தயவுசெய்து அடுத்த குழுவுக்குத் தள்ள வேண்டாம்.