சந்தகை எல்லோருக்கும் தெரிந்ததுதான் என்றால்

சனிக்கிழமை நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இரண்டு நாட்களாக இருந்தேன். அந்தச் சங்கத்துப் பெண்கள் என்னையும் என் தோழிகளையும் வாசலுக்கே வந்து அழைத்துப் போய், காப்பியும் பலகாரமும் கொடுத்து, முன்வரிசையில் உட்கார வைத்தவர்கள். ஆனால் நேற்றிரவு வாட்சாப் குழுவில் “இடியாப்பம் பிழிவதற்கெல்லாம் ஒரு செயல்விளக்கமா?” என்று ஒருவர் எழுதியதும், அதன் கீழே வரிசையாகச் சிரித்த முகங்கள் விழுந்ததும் என்னைத் தூங்க விடவில்லை.

ஈரோட்டுப் பக்கம் ஒரு தேவாலயத்தின் பெண்கள் ஐக்கிய சங்கம் நடத்திய சமையல் செயல்விளக்கம் அது. என்னோடு பள்ளியில் படித்த தோழி அந்தச் சபையைச் சேர்ந்தவள். அவள் கூப்பிட்டதால் நாங்கள் மூன்று பேர் போனோம். முதல் ஒன்றே கால் மணி நேரம் உணவகத்தில் வேலை பார்க்கும் ஒரு தம்பி கேக்கும் பாஸ்தாவும் செய்து காட்டினார். நன்றாகவே சொல்லிக் கொடுத்தார், நானும் குறிப்பெடுத்துக்கொண்டேன், அவர்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. அதற்குப் பிறகுதான் எழுபது வயதைத் தாண்டிய ஒரு ஆயா, பார்க்க இடியாப்பம் போலவே இழை இழையாக இருக்கும் சந்தகையைச் செய்து காட்ட, அதைப் பிழியும் மூன்று கால் இரும்பு நாழியோடு மேடைக்கு வந்தார்.

ஊற வைத்த புழுங்கலரிசியை உளுந்து சேர்க்காமல் மையாக ஆட்டி, புளிக்கவும் விடாமல், வீட்டிலிருந்தே மாவாகக் கொண்டு வந்திருந்தார். அதை இட்லியாக ஊற்றி வேக வைத்துவிட்டு, வெந்ததா என்று பார்க்க ஈரவிரலால் ஒருமுறை தொட்டார், அவ்வளவுதான். பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கவில்லை. சிறுதீயில் மூடியே வைத்து, ஒவ்வொன்றாக எடுத்து எண்ணெய் தடவிய நாழிக்குள் போட்டார். “சூடு போறதுக்குள்ள புழிஞ்சரோணும் கண்ணு, ஆறிப்போச்சுன்னா நாழி சுத்தாது” என்று முன்னால் இருந்த எங்களிடம் சொன்னார். ஒரு காலால் நாழியின் காலை மிதித்துக்கொண்டு கைப்பிடியைச் சுற்றும்போது அவர் முழங்கையின் நரம்பு புடைத்தது. ஆனால் கீழே விழுந்த இழை ஒன்றுகூட அறுபடவில்லை. தேங்காய்ப்பால் எடுக்கத் துருவலைக் கையில் அள்ளிய நேரத்தில்தான் ஒலிவாங்கி அவரிடமிருந்து வாங்கப்பட்டது. “இது நம் எல்லோருக்கும் தெரிந்ததுதானே, நேரமாகிவிட்டது, குலுக்கலுக்குப் போகலாம்” என்றார் நிகழ்ச்சியை நடத்தியவர். பதினோரு நிமிடங்கள்தான் ஆகியிருந்தன.

எல்லோருக்கும் தெரியும் என்றால், சந்தகைக்கும் இடியாப்பத்துக்கும் உள்ள வேறுபாடாவது குழுவில் எழுதியவருக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? இடியாப்பம் மாவைப் பிசைந்து, பிழிந்து, பிறகு வேக வைப்பது. சந்தகை முதலில் வெந்து, பிறகு பிழியப்படுவது. அரைத்ததில் ஒரு குறுணை இருந்தாலும் இழை அறுந்துவிடும். உள்ளே வேகாமல் இருந்தால் பிசுபிசுக்கும். ஆறவிட்டால் நாலு ஆண்கள் சேர்ந்து சுற்றினாலும் இறங்காது. இதெல்லாம் கண்ணால் பார்த்து, கையால் தொட்டுப் பழக வேண்டியவை. பார்த்துப் பழகத்தானே செயல்விளக்கம் என்று ஒன்றை வைக்கிறோம்?

என் அம்மா சந்தகை பிழிந்த நாட்களில் நான் பக்கத்து அறையில் உட்கார்ந்து தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். “வந்து இந்தப் பிடியைக் கொஞ்சம் புடி அம்மிணி” என்று கூப்பிடுவார். எழுந்து போய்ப் பிடித்துவிட்டு, மாவு எந்தப் பதத்தில் இருந்தது என்று பார்க்காமலே திரும்பி வந்துவிடுவேன். புதுமாப்பிள்ளை விருந்தென்றால் எங்கள் வீட்டில் தேங்காய்ப்பால் ஊற்றி ஒன்று, எலுமிச்சை தாளித்து ஒன்று என்று விடியற்காலையிலேயே தட்டுத்தட்டாகப் பிழிந்து வைத்திருப்பார்கள். என் கணவர் முதன்முதலில் எங்கள் வீட்டில் சாப்பிட்டதும் அதைத்தான். அம்மா போய் ஆறு வருடங்கள் ஆகின்றன. அவருடைய நாழி என் பரணில் இருக்கிறது. நான் மூன்று முறை முயன்றும் இழை முழுசாக வந்ததில்லை. சனிக்கிழமை அந்த ஆயா பாத்திரத்தை இறக்காமல் சிறுதீயில் வைத்ததைப் பார்த்தபோதுதான் என் தவறு எனக்குப் புரிந்தது. நான் மொத்தத்தையும் வெளியே எடுத்துத் தட்டில் அடுக்கிக்கொண்டு பிழிந்திருக்கிறேன். இதை எனக்குச் சொல்ல ஆறு வருடங்களாக ஒருவரும் இல்லை.

நேரம் போதவில்லை என்கிறார்கள். குலுக்கலுக்கு முப்பத்தைந்து நிமிடங்கள் கிடைத்தன.

கடையில் பிழிந்த சந்தகையே கிடைக்கிறது, வேலைக்குப் போகும் பெண்களுக்கு இதற்கெல்லாம் நேரம் ஏது என்று இன்னொரு தங்கை கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. நானும் வேலைக்குப் போகிறவள்தான், நானும் வாங்குகிறவள்தான். ஆனால் கேக்கும் கடையில் கிடைக்கிறது. அதைக் கற்றுக்கொள்ள ஒன்றே கால் மணி நேரம் உட்கார்ந்தபோது யாரும் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

சபையைச் சேராதவள், விருந்தாளியாகப் போனவள், அவர்கள் வீட்டு விஷயத்தில் ஏன் தலையிடுகிறாய் என்று குழுவில் கேட்டதுதான் எனக்கு வலித்தது. கிறிஸ்துமஸ் காலையில் எங்கள் வீட்டுக்குப் பலகாரத் தட்டு வராத வருடமே கிடையாது. பொங்கலுக்கு எங்கள் வீட்டுத் தூக்குப்போசி அந்தத் தெருவுக்குப் போகாத வருடமும் கிடையாது. வெவ்வேறு மிஷன் சபைகளாகப் பிரிந்திருந்தவர்கள் 1947 செப்டம்பர் 27 அன்று ஒன்றாகச் சேர்ந்து உருவாக்கியதுதான் தென்னிந்தியத் திருச்சபை. ஐக்கியம் என்ற சொல்லைப் பெயரிலேயே வைத்திருக்கும் சங்கத்தில் என்னை வேற்றாளாக நினைத்து நான் உட்காரவில்லை. அந்த ஆயாவுக்காகப் பேச எனக்கு உரிமை இல்லை என்றால், உரிமை உள்ளவர்கள் அன்றைக்குப் பேசியிருக்கலாம். கூடத்தில் அறுபது பேர் இருந்தோம். நானும் வாய் திறக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

ஈரோட்டு மஞ்சளுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது நாமெல்லாம் எவ்வளவு பெருமையாகப் பேசினோம். கோயம்புத்தூர் கிரைண்டருக்கும் அந்தக் குறியீடு உண்டு. மஞ்சளையும் மாவாட்டும் இயந்திரத்தையும் நம் ஊர்ச் சொத்து என்று சொல்லிக்கொள்ளத் தெரிந்த நமக்கு, அந்த மாவை எந்தப் பதத்தில் வழித்தெடுக்க வேண்டும் என்று அறிந்த ஒரு மனுஷிக்கு அரை மணி நேரம் கொடுக்க மனம் வரவில்லை. நம் வீட்டுப் பெண்கள் கூலி வாங்காமல் செய்தார்கள் என்பதால்தானே அதை எல்லோருக்கும் தெரிந்த வேலை என்கிறோம்? வெள்ளை அங்கியும் தொப்பியும் போட்டு ஒருவர் வந்து இதையே பிழிந்திருந்தால், எல்லோரும் கைபேசியைத் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றிருப்போம்.

ஒலிவாங்கியைக் கொடுத்த பிறகு ஆயா ஒன்றும் சொல்லவில்லை. மேடையின் ஓரத்துக்குப் போய், மிச்சமிருந்த இட்லிகள் ஆறுவதற்குள் தனியாகவே பிழிந்து முடித்தார். பிறகு நாழியைத் துடைத்து, பழைய புடவைத் துணியில் சுற்றிக் கட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அவர் பிழிந்ததைத் தேங்காய்ப்பால் இல்லாமல் சர்க்கரை தூவி எங்கள் நான்கு பேருக்கும் ஒரே தட்டில் கொடுத்தார்.

குழுவில் போட்ட காணொளியில் அந்தப் பதினோரு நிமிடங்கள் இல்லை. என் தோழியின் கைபேசியில் முழுவதும் இருக்கிறது. ஆயாவிடம் இன்று காலை போய்க் கேட்டேன், போட்டுக்கொள்ளச் சொன்னார். தேங்காய்ப்பால் எடுப்பதை வியாழக்கிழமை அவர் வீட்டு அடுப்படியில் காட்டுவதாகவும், நாழியைத் துரு போகத் தேய்த்துக் கொண்டு வரும்படியும் சொன்னார். காணொளியைக் கீழே இணைத்திருக்கிறேன்.