அது கொள்ளைநோய் குழி இல்லங்க, தயவுசெஞ்சு ஃபார்வர்ட் பண்ணாதீங்க

வரிசை வரிசையா ஒரே சைஸ் வெள்ளைக் கல்லு இருக்கிற போட்டோ ஒண்ணு, "அமெரிக்காவுல கொள்ளைநோயில ஒரே நாள்ல செத்தவங்கள மொத்தமா புதைச்ச இடம்"னு வாட்ஸப்ல சுத்துது. தப்பு. அது அமெரிக்காவுல வட கரோலினா மாநிலத்துல வின்ஸ்டன்-சேலம்ங்கிற ஊர்ல, மொராவியன் சபைங்கிற பழைய புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவ சபையோட கல்லறைத் தோட்டம், 'கடவுளின் வயல்'னு சொல்வாங்க.

சாவுல பணக்காரன் ஏழைன்னு கிடையாதுங்கிறது அவங்க விசுவாசம், அதான் எல்லாருக்கும் ஒரே மாதிரி படுக்கைக் கல்லு, அதுவும் குடும்பமா சேர்த்து இல்ல, கல்யாணம் ஆன ஆண்கள், கல்யாணம் ஆகாத பெண்கள், பிள்ளைங்கன்னு சபையில எந்தக் குழுவோ அந்த வரிசையில. போட்டோவ ஜூம் பண்ணுங்க, கல்லுங்கள்ல வேற வேற வருஷம் இருக்கும். அந்த ஊர் மொராவியன் ஆவணக் காப்பகத்துல பழைய சபைப் பதிவேடுங்க இருக்கு, சந்தேகம்னா அங்க கேக்கலாம்.

ஈஸ்டருக்கு முந்தின நாள் குடும்பம் குடும்பமா வந்து கல்லத் தேய்ச்சுக் கழுவி பூ வைப்பாங்க, விடியக்காலைல பித்தளை வாத்தியத்தோட ஆராதனை, 1772-லருந்து நடக்குது. இவ்வளவு அன்பா பாத்துக்கிற இடத்தப் போய் பிணக்குழின்னு சொல்றது மனசுக்கு கஷ்டமா இருக்கு. உங்க குரூப்ல வந்தா அங்கேயே நிறுத்திடுங்க, அனுப்பினவங்களுக்கும் இத சொல்லிடுங்க.