பக்கத்து நாட்டு அதிபருக்கு ரகசிய ஆலையைச் சுற்றிக் காட்டியவர்கள்

அணு ஆயுத ஒழிப்பு பற்றி யார் எழுதினாலும், "முதலில் பாகிஸ்தானிடம் போய்ச் சொல்லு" என்று ஒருவர் வந்துவிடுவார். சரி, சொல்லலாம். அதற்கு முன்னால் அர்ஜென்டினாவும் பிரேசிலும் என்ன செய்தன என்று கொஞ்சம் பார்ப்போம். கால்பந்தைத் தவிர வேறு எதற்கும் நம் ஊரில் இந்த இரண்டு நாடுகளின் பேச்சே எடுப்பதில்லை.

1970களின் பிற்பகுதியில் இரண்டிலும் ராணுவ ஆட்சி. பரானா ஆற்றில் பராகுவேயோடு சேர்ந்து பிரேசில் கட்டிய இதாய்ப்பு அணைக்காக வருடக்கணக்கில் மல்லுக்கட்டு. இரண்டுக்கும் யுரேனியம் செறிவூட்டும், அதாவது குண்டு செய்யவும் உதவுகிற விதத்தில் அதைப் பக்குவப்படுத்தும், ரகசியத் திட்டம் வேறு இருந்தது. அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட மாட்டோம், ஐந்து நாடுகள் மட்டும் குண்டு வைத்துக்கொள்ளலாம் என்பது என்ன நியாயம் என்று நாம் கேட்ட அதே கேள்வியைத்தான் அவர்களும் கேட்டார்கள். நியாயமான கேள்விதான், இன்றைக்கும்.

முதலில் தீர்ந்தது தண்ணீர்ச் சண்டை. 1979இல் அணை ஒப்பந்தம் கையெழுத்தானது. 1982இல் பிரிட்டனோடு அர்ஜென்டினா நடத்திய ஃபாக்லாந்து போரின்போது, லண்டனில் அர்ஜென்டினாவின் தூதரகக் காரியங்களைப் பிரேசில்தான் பார்த்துக்கொண்டது. அடுத்த வருடம் தன் தெற்குப் பகுதியான படகோனியாவில் பில்கானியேவு என்ற இடத்தில் யுரேனியத்தைச் செறிவூட்டிவிட்டோம் என்று அர்ஜென்டினா அறிவித்தது. ஆனால் உலகத்துக்குச் சொல்வதற்கு முன்பே பிரேசில் அதிபருக்குத் தகவல் போய்விட்டது.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதற்கப்புறம்தான் வருகிறது. இரண்டு நாட்டிலும் ராணுவம் போய், மக்களாட்சி வந்தது. 1985 நவம்பரில் அர்ஜென்டினா அதிபர் அல்ஃபோன்சினும் பிரேசில் அதிபர் சார்னேவும் எல்லை ஓரத்து ஊரான ஃபோஸ் டோ இகுவாசுவில் சந்தித்து, அணுசக்தி பற்றிக் கூட்டறிக்கை வெளியிட்டார்கள். 1987இல் சார்னேவை அந்தப் பில்கானியேவு ஆலைக்குள்ளேயே கூட்டிக்கொண்டு போனார் அல்ஃபோன்சின். அடுத்த வருடமே பிரேசில் கடற்படையின் அராமார் ஆலைக்கு அல்ஃபோன்சின் போனார். யோசித்துப் பாருங்கள், உளவாளிகள் எட்டிப் பார்க்கத் துடிக்கிற இடத்தில் பக்கத்து நாட்டு அதிபரே விருந்தாளியாக நிற்கிறார். இதை வெறும் நல்லெண்ணம் என்று நான் நினைக்கவில்லை. கடன் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது. போன ராணுவம் எப்போது திரும்பி வருமோ என்ற பயமும் இருந்தது. பக்கத்து நாட்டுக்காரன் எதிரி இல்லை என்று ஆகிவிட்டால், சொந்த ராணுவம் கேட்கிற ரகசியப் பணத்துக்கும் காரணம் இல்லாமல் போய்விடும் அல்லவா? என் கணக்கு இதுதான்.

1990இல், அமேசான் பக்கம் காஷிம்போ மலைப்பகுதியில் வெடிச் சோதனைக்காகத் தோண்டிய சுமார் 320 மீட்டர் ஆழக் குழியில், அடுத்து வந்த பிரேசில் அதிபர் கோலோர் கேமராக்கள் முன்னால் சுண்ணாம்பை அள்ளிப் போட்டு மூடிவைத்தார். கொஞ்சம் நாடகம்தான், இருக்கட்டும். 1991இல் இரு நாடுகளும் சேர்ந்து ஏபிஏசிசி என்ற கூட்டு ஆய்வு அமைப்பை ரியோவில் தொடங்கின. அர்ஜென்டினா ஆலைகளில் பிரேசில்காரர்கள் கணக்குப் பார்ப்பார்கள், பிரேசில் ஆலைகளில் அர்ஜென்டினாக்காரர்கள். இன்றுவரை இது நடக்கிறது.

இவர்களிடம் செய்து முடித்த குண்டு எதுவும் இருக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கையில் இருப்பதை விடுவது இன்னும் கஷ்டம். பிரேசிலும் புத்தர் இல்லை. 2004இல் ரெசென்டே ஆலையில் யுரேனியத்தைச் செறிவூட்டும் சுழல் இயந்திரங்களை முழுதாகக் காட்ட மாட்டோம் என்று சர்வதேச ஆய்வாளர்களிடம் அடம்பிடித்தது. அணுசக்தி நீர்மூழ்கிக் கனவையும் விடவில்லை.

நமக்கும் பாகிஸ்தானுக்கும் இடையில் இருப்பது 1988இல் போட்ட ஓர் ஒப்பந்தம். ஒருவர் அணு நிலையத்தை மற்றவர் தாக்கக் கூடாது. 1992 முதல் ஜனவரி 1 வந்தால் இடங்களின் பட்டியலை மாற்றிக்கொள்கிறோம். போர் வந்த வருடமும் இது நின்றதில்லை, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் முப்பது வருடத்துக்கு மேலாகப் பட்டியலோடு நிற்கிறோம், போய்ப் பார்க்கிற பேச்சே கிடையாது.

சீனா இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, அதனால் குண்டுகள் நாளைக்கே குறையாது. நான் அதைக் கேட்கவும் இல்லை. பாகிஸ்தான் பொறியாளர்கள் நான்கு பேர் கூடங்குளத்தைப் பார்க்கட்டும், நம் ஆட்கள் நான்கு பேர் கராச்சி உலையைப் பார்க்கட்டும். இரண்டுமே ஏற்கெனவே சர்வதேச அணுசக்தி முகமையின் ஆய்வாளர்கள் வந்து போகிற இடங்கள்தானே, அங்கே மறைக்க என்ன இருக்கிறது?