தேக்கில் ஒன்றும் இல்லை, அகலத்தைப் பாருங்கள்

இனி யாராவது என்னிடம் "தேக்கில் ஸ்பீக்கர் பெட்டி செய், பாஸ் (அடி ஒலி) தானாக வரும்" என்று சொன்னால் கெட்ட கோபம் வரும். பர்மாவில் தேக்கு பேர்போனதுதான். அதற்காக எல்லாவற்றுக்கும் தேக்கா மருந்து?

மூன்று மாதம் உழைத்து, 20 சென்டிமீட்டர் அகலத்தில் ஒட்டுப்பலகையில் இரண்டு ஸ்பீக்கர் பெட்டி செய்தேன். ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு ஃபுல்ரேஞ்ச் டிரைவர், அதாவது கீழிருந்து மேல் வரை எல்லா ஒலியையும் தானே எழுப்பும் ஒலிக்கூம்பு. முதல் நாள் ராத்திரி மிருதங்கம் போட்டால் கீச்சென்ற பக்கமான வலந்தலை காதைக் குத்துகிறது, கனத்த பக்கமான தொப்பியைக் காணோம்! பாடுகிறவர் குரலில் நெஞ்சே இல்லை, தொண்டை மட்டும்தான். மாமா தேக்கு என்றார். கடைக்காரர் பெரிய ஆம்ப் (ஒலிபெருக்கும் கருவி) வாங்கு என்றார். பாஸ் குமிழைத் திருகினால் அடியில் மட்டும் தொம் தொம் என்கிறது, குரல் அதே மெலிசு.

கோளாறு முகப்புப் பலகையின் அகலத்தில் இருக்கிறது ஐயா! கீச்சு ஒலியைப் பலகை முன்பக்கமே தள்ளிவிடும். அலைநீளம் பலகையைவிடப் பெரிதானால் ஒலி பெட்டியைச் சுற்றிக்கொண்டு பின்னாலும் போய்விடும். எந்த அதிர்வெண்ணில் இது நடக்கிறது என்று அறிய 115ஐ மீட்டர் கணக்கில் அகலத்தால் வகுத்துப் பாருங்கள். என் பெட்டிக்கு 575 ஹெர்ட்ஸ். அங்கேயே 3 டெசிபெல் போச்சு, இன்னும் கீழே போகப் போக மொத்தம் 6. ஆண் குரலின் கனம் முழுக்க அதற்குக் கீழேதானே இருக்கிறது!

டிரைவரோடு வந்த தாளில், எந்த ஒலி எவ்வளவு சத்தமாக வரும் என்று காட்டும் கோடு நேராகத்தான் இருந்தது, நம்பினேன். ஆனால் ஐஇசி என்ற சர்வதேசத் தர அமைப்பின் முறைப்படி அளக்கும் பலகை 1.65க்கு 1.35 மீட்டர். கட்டில் அளவு! அதை வீட்டில் யார் வைப்பார்கள்? குறுகிய பெட்டியில் இந்தக் கோடு சரியும் என்று தாளில் ஒரு வரி போட்டால் என்ன குறைந்துவிடும்?

சரி, ஒரு காயிலையும் (கம்பிச் சுருள்) ரெசிஸ்டரையும் (மின்தடை) ஒன்றுக்கொன்று இணையாகச் சேர்த்து டிரைவருக்கு முன்னால் தொடராகப் போட்டால் மேல் ஒலி அடங்கி எல்லாம் சமமாகும். எங்கள் யாங்கூன் வீடு பன்னிரண்டரை அடி அகலம், சுவரே கொஞ்சம் பாஸைத் திருப்பித் தருகிறது. அதனால் 6 வேண்டாம், 4 டெசிபெல் போதும். 8 ஓம் டிரைவருக்கு ரெசிஸ்டர் 4.7 ஓம், காயில் 1.3 மில்லிஹென்றி. கடையில் காயில் கேட்டால் தலைமுடி போல மெல்லிய கம்பியில் சுற்றியதைத் தருகிறார்கள், அதன் தடையே பாஸின் சக்தியில் ஒரு பங்கைத் தின்றுவிடும். மோட்டார் வைண்டிங் கடையில் தடித்த செம்புக் கம்பி வாங்கி, விரல் சிவக்க நானே சுற்றினேன். சத்தம் கொஞ்சம் குறைந்தது உண்மை. ஆனால் தொப்பி வந்துவிட்டது!

மாமா கேட்டுவிட்டு, "டிரைவரை மாற்றினாயா?" என்றார்.

இல்லை மாமா. அதே டிரைவர், அதே ஒட்டுப்பலகை.