நார்ட்டன் கமாண்டோ கிராங்கைத் திருப்பினால் அதிர்வே இருக்காதா?

நார்ட்டன் கமாண்டோ இரண்டு சிலிண்டர் கொண்ட பழைய பிரிட்டிஷ் பைக். பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டுதான் கிராங்க். 'கமாண்டோவின் கிராங்கில் ஒரு பாதியை 90 டிகிரி திருப்பி போல்ட் போட்டால் போதும், அதிர்வு பூஜ்யம், வேறெதையும் மாற்ற வேண்டாம்' என்று ஒரு ஃபார்வர்டு சுற்றுகிறது. பாதிதான் சரி.

கமாண்டோ கிராங்க் நடு ஃப்ளைவீலோடு போல்ட்டால் இணைந்தது, உண்மைதான். ஆனால் புதிய கோணத்துக்கு ஓட்டைகளைப் புதிதாகப் போட வேண்டும். வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் கிராங்கின் பாதி வேகத்தில்தான் சுற்றும். கிராங்க் 90 டிகிரி மாறினால் ஒரு சிலிண்டரின் கேம் 45 டிகிரி மாற வேண்டும். பழைய கேமோடு ஓட்டினால் வால்வு தப்பான நேரத்தில் திறக்கும், பிஸ்டனில் இடிக்கவும் கூடும். இக்னிஷனையும் (தீப்பொறி வரும் நேரம்) மாற்றியாக வேண்டும்.

அதிர்வு? இரண்டாம் நிலை அதிர்வு (கிராங்க் ஒருமுறை சுற்றும்போது இருமுறை வருவது) நீங்கும், முதல் நிலை (சுற்றுக்கு ஒருமுறை வருவது) குறையும். ஆனால் பக்கவாட்டில் ஆட்டும் விசை புதிதாக வரும். பூஜ்யம் ஆகாது.

நீங்களே பார்க்கலாம். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, இரு துளையிலும் நீளமான ஸ்ட்ரா வைத்து, கிக்கரை மெல்ல அழுத்துங்கள். ஸ்டாக் (எதுவும் மாற்றாத) எஞ்சினில் இரண்டும் சேர்ந்தே ஏறி இறங்கும். அந்த ஸ்டாக் எஞ்சினுக்கான கேம், வால்வு நேரம் வொர்க்‌ஷாப் மேனுவலில் இருக்கிறது.

அரிய எஞ்சின்கள் இவை. தயவுசெய்து அந்தச் செய்தியை இனி அனுப்ப வேண்டாம்.