விரல் நீட்டும் மீசைக்காரர்

போர்ப் பிரச்சாரம் மக்கள் மனதை எப்படித் திருப்புகிறது என்று பள்ளியிலேயே தனிப் பாடவேளை வைத்துச் சொல்லித்தர வேண்டும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. சரி. ஆனால் அதற்குத் தனிப் பாடவேளை எதற்கு? இருக்கிற வரலாற்றுப் பாடமே போதும்.

கோபிசெட்டிபாளையம் பக்கம் பத்தாம் வகுப்புக்கு வரலாறு எடுத்தவன் நான். முதல் உலகப்போர் வந்ததும், பிரிட்டன் படைக்கு ஆள் சேர்க்க 1914-இல் வந்த, அந்நாட்டுப் போர் அமைச்சர் கிச்சனரின் சுவரொட்டிப் படத்தைக் கரும்பலகையில் ஒட்டிவிட்டுப் பேசாமல் நிற்பேன். பெரிய மீசை, நம்மைப் பார்த்து நீட்டிய விரல். கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் இரண்டு இடம் மாறி உட்கார்ந்து பார்த்துவிட்டு, "எங்க போனாலும் என்னையத்தானுங்க சார் காட்டறாரு" என்றான். பாதிப் பாடம் அங்கேயே முடிந்தது.

அப்புறம் 1917 கதை. ஜெர்மானியர்கள் தங்கள் சிப்பாய்களின் பிணங்களையே காய்ச்சிக் கொழுப்பு எடுக்கிறார்கள் என்று லண்டன் பத்திரிகைகள் எழுதின. அது ஆதாரமற்றது என்று பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்டது 1925-இல். "அதுக்குள்ள சண்டையே முடிஞ்சு போச்சுங்களே சார்!" என்றது ஒரு பெண்.

இப்போது எங்கள் பங்காளிகள் வாட்ஸப் குழுவில் வீடியோ கேம் காட்சியைப் போர்க்களம் என்று அனுப்புகிறார்கள். அனுப்புவது என் வயதுக்காரர்கள்தான். "மாமா, இது கேமுங்க" என்று திருத்துவது பொடிசுகள்.