"நானூறு பேப்பர் போட்டவர்" என்றால் பேச்சு முடிந்துவிடுமா?

தடுப்பூசி, புது மருந்து என்று பேச்சு வந்தாலே யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார்: "அவர் சாதாரண ஆள் இல்லை, நானூறு பேப்பர் போட்டிருக்கிறார்." பேப்பர் என்றால் ஆய்வுக் கட்டுரை. அதற்கு மேல் யாரும் வாய் திறப்பதில்லை. போன வாரம் ஒரு வாட்ஸப் குழுவிலும் இதேதான் நடந்தது. அங்கே பேசப்பட்ட ஆய்வாளரின் பேப்பர் பட்டியலை, மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் பப்மெட் தளத்தில் எடுத்து ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து படித்தேன். அவரைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. இப்படி ஒரு பட்டியலை எப்படிப் படிக்க வேண்டும் என்பதுதான் என் கவலை.

காசநோய்க்கு ஒரு புது மருந்துக் கூட்டைச் சோதிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வழக்கமான சிகிச்சையே 6 மாதம். அது முடிந்ததும் நோய் திரும்புகிறதா என்று பல மாதங்கள் நோயாளிகளைப் பின்தொடர வேண்டும். காசநோய்க் கிருமி ஒருமுறை இரண்டாகப் பிரியவே கிட்டத்தட்ட ஒரு நாள் ஆகும். அதனால் ஒவ்வொரு சளி மாதிரியையும் வளர்த்துப் பார்க்க வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இத்தனை வருட உழைப்பும் கடைசியில் பட்டியலில் ஒரே ஒரு வரி. அபூர்வமான ஒரு நோயாளியைப் பற்றி இரண்டு பக்கம் எழுதி அனுப்பினாலும் ஒரு வரிதான். ஜர்னல் ஆசிரியருக்கு எழுதிய கடிதமும் ஒரு வரி. எண்ணிக்கைக்கு இந்த மூன்றும் ஒன்று!

அப்புறம் பெயர் வரிசை. மருத்துவ ஆய்வுத் துறைகளில் பொதுவாக முதல் பெயர் வேலையைச் செய்தவருடையது, கடைசிப் பெயர் லேபின் தலைவருடையது. நடுவில் சில சமயம் முப்பது நாற்பது பேர்கூட இருப்பார்கள். வார்டு வார்டாகப் போய் ரத்த மாதிரி சேகரித்தவரும் அங்கேதான் இருப்பார், வெறும் மரியாதைக்குச் சேர்க்கப்பட்டவரும் அங்கேதான் இருப்பார். பட்டியலைப் பார்த்து இருவரையும் பிரித்தறிய முடியாது. மாதிரி சேகரித்தவரை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

சரி, மேற்கோள்களை, அதாவது மற்ற பேப்பர்கள் இவருடையதை எத்தனை முறை குறிப்பிடுகின்றன என்பதை எண்ணலாமே என்பார்கள். 2005-இல் ஜார்ஜ் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் எச்-இண்டெக்ஸ் என்ற அளவுகோலை முன்வைத்தார். ஒவ்வொன்றும் குறைந்தது 40 முறை மேற்கோள் காட்டப்பட்ட 40 பேப்பர்கள் இருந்தால் எச்-இண்டெக்ஸ் 40. ஆனால் ஒரு பேப்பரை ஏற்று மேற்கோள் காட்டினார்களா, மறுத்துக் காட்டினார்களா என்பது அந்த எண்ணில் தெரியாது. கோவிட் நோயாளிகளுக்கு ஹைட்ராக்சிகுளோரோகுயின் மருந்து கொடுப்பது ஆபத்து என்று 2020 மே 22 அன்று லான்செட் மருத்துவ இதழில் வந்த பேப்பரைப் பாருங்கள். 96,000 நோயாளிகளின் தரவு என்றார்கள். சில நாட்களிலேயே உலக சுகாதார நிறுவனம் தன் சோதனையில் அந்த மருந்தை நிறுத்தி வைத்தது. மூலத் தரவைக் காட்டச் சொன்னபோது காட்ட முடியவில்லை. ஜூன் 4 அன்று பேப்பர் திரும்பப் பெறப்பட்டது. அதற்குப் பிறகும் அதை மேற்கோள் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

அதே 2005-இல்தான் கடலின் கரிகோ, ட்ரூ வைஸ்மேன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் எழுதிய பேப்பர் வந்தது. நேச்சர் இதழ் திருப்பி அனுப்பிய பிறகு இம்யூனிட்டி இதழ் வெளியிட்டது. புரதம் செய்யும் குறிப்பைச் செல்லுக்குக் கொண்டுபோகும் ஆர்.என்.ஏ.வை ஆய்வகத்தில் தயாரித்துச் செலுத்தினால் நோயெதிர்ப்பு செல்கள் அதை எதிரி என்று நினைத்து அழற்சியைக் கிளப்பிவிடும். அதிலுள்ள யுரிடின் என்ற கட்டுமானத் துண்டுக்குப் பதிலாக அதைச் சற்றே மாற்றிய சூடோயுரிடினை வைத்தால் செல்கள் பெரும்பாலும் அமைதியாக இருக்கின்றன. அவர்கள் கண்டது இதைத்தான். பிற்பாடு பல கோடிப் பேருக்குப் போட்ட எம்.ஆர்.என்.ஏ. கோவிட் தடுப்பூசிகள் இந்த அடிப்படையில் எழுந்தவை. 2023-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் 1995-இல், ஆய்வு மானியம் கிடைக்காமல் தவித்த காலத்தில், பென்சில்வேனியா பல்கலைக்கழகம் கரிகோவைப் பதவி இறக்கியிருந்தது. அன்றைக்கு எண்களை மட்டும் பார்த்து முடிவு செய்த எவருக்கும் அது நியாயமாகத்தான் பட்டிருக்கும். எனக்கு இது பெரும் கோபத்தைத் தருகிறது.

ஆகவே நான் பட்டியலைக் கீழிருந்து, அதாவது மிகப் பழைய பேப்பரிலிருந்து மேலே படிக்கிறேன். இந்த ஆள் எந்தக் கேள்வியை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்று பார்க்கிறேன். ரால்ஃப் ஸ்டைன்மேன் என்ற நோயெதிர்ப்பு ஆய்வாளர் 1973-இல் எலியின் மண்ணீரலில், மரக்கிளைபோலக் கைகள் நீண்ட ஒரு செல்லைக் கண்டு அதற்கு டென்ட்ரிட்டிக் செல் என்று பெயரிட்டார். அதற்கு அவ்வளவு முக்கியத்துவம் உண்டா என்று பல வருடங்கள் சந்தேகப்பட்டார்கள். அவரோ கிட்டத்தட்ட 40 ஆண்டுகள் அந்த ஒரே செல்லை விடவில்லை. அது எப்படி டி செல்கள் என்ற நோயெதிர்ப்பு செல்களைத் தூண்டுகிறது, தடுப்பூசிக்கு எப்படிப் பயன்படும் என்று ஒரு பேப்பர் அடுத்ததற்கு வழிவிட்டுக்கொண்டே போகிறது. அப்படி ஒரு பட்டியலைப் படிக்கும்போது ஒரு மனிதர் யோசிப்பதையே பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதுபோல் இருக்கிறது.

அந்தக் குழு நண்பரிடம், நானூறில் நீங்கள் நம்பும் ஒரே ஒரு பேப்பரை அனுப்புங்கள், இருவரும் படித்துவிட்டுப் பேசுவோம் என்று கேட்டிருக்கிறேன். எத்தனை பேரிடம் சோதித்தார்கள், ஒப்பிட இன்னொரு குழு இருந்ததா, வேறு லேப்கள் செய்தபோதும் அதே முடிவு வந்ததா என்று அதில் தேடலாம். அனுப்புகிறேன் என்று சொல்லியிருக்கிறார். காத்திருக்கிறேன்.